சத்தமில்லாமல் சுற்றும் ஃபேன்

கிராபிக்ஸ் கார்டு சர்வீஸ் என்பது பாதி தூசி தட்டுகிற வேலை, மீதி திட்டு வாங்குகிற வேலை. மிக்ஸி ரிப்பேர், டிவி ரிப்பேர் என்று கடை போட்டு உட்கார்ந்திருக்கும் சக பாவிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கம்ப்யூட்டரில் படம் காட்டும் கார்டுக்குள் ஒரு சிப் இருக்கிறது. அதன் சூட்டை வாங்கிக்கொள்ள மேலே ஒரு உலோகத் தகடு, அதற்கும் மேலே ஃபேன். சிப்புக்கும் தகட்டுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பேஸ்ட் பூசியிருப்பார்கள். அது காய்ந்துபோனால் சூடு இறங்காது, ஃபேன் கத்தும், கடைசியில் கம்ப்யூட்டர் தானாகவே அணைந்துவிடும். பழைய பேஸ்ட்டைச் சுரண்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, புதிதாகப் பூசிக் கொடுப்பதுதான் தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் என் பிழைப்பு.

மசாலா வாசம்

ஒகேனக்கல்லில் சுற்றுலா வருகிறவர்களைப் போட்டோ எடுத்து உடனே பிரிண்ட் போட்டுக் கொடுக்கும் அண்ணன் ஒருவர் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். கார்டைக் கழற்றியதும் கடை முழுக்க மீன் வறுவல் வாசம். இவர் கடைக்குப் பக்கத்துக் கடையில் நாள் முழுக்க மீன் வறுக்கிறார்கள். அந்த எண்ணெய்ப் புகையையெல்லாம் ஃபேன் உள்ளே இழுத்து, தகட்டு இடுக்கெல்லாம் மிளகாய்த்தூள் நிறத்தில் பிசுபிசுவென்று அப்பிக் கிடந்தது. எனக்கு வந்த கோபத்தில், கம்ப்யூட்டரை இடம் மாற்றி வைக்காவிட்டால் இனி இந்தப் பக்கமே வராதீர்கள் என்று சொல்லிவிட்டேன்.

அவர் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. துடைத்து முடித்த கார்டை வாங்கி மூக்குக்கிட்ட வைத்துப் பார்த்துவிட்டு வருத்தமாகச் சொன்னார்: "இவ்ளோ சுத்தமா தொடைச்சிட்டீங்களே, அந்த வாசத்துக்குத்தாங்க நம்ம கடையில ஆளு நிக்கிறதே."

ஆயுத பூஜைக்கு அடுத்த நாள்

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் எங்கள் தொழிலுக்குத் தனிக் கூட்டம் வரும். கீபோர்டில் பொரி, மானிட்டரில் விபூதிப் பட்டை, சிபியு மேல் எலுமிச்சம்பழம். அப்படி ஒரு மறுநாளில்தான் மாதேஷ் வந்தான். அதியமான்கோட்டைப் பையன். அப்பாவுக்குத் தக்காளித் தோட்டம். இவன் வீட்டிலேயே ஒரு அறையில் உட்கார்ந்து கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுக்கிறவன். பூஜைக்காக சிபியுவின் பக்கவாட்டுக் கண்ணாடி மூடியைக் கழற்றி வைத்திருக்கிறான். அவன் அம்மா எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவர், கார்டு ஃபேனின் நடுவிலும் சந்தனத்தைக் குழைத்து வைத்து, அதன் மேல் குங்குமமும் இட்டுவிட்டார். ஃபேன் சுற்றியதும் ஈரச் சந்தனம் தெறித்து இடுக்கெல்லாம் ஒட்டிக்கொண்டது.

நான் எல்லா இடுக்கையும் சுத்தம் செய்து, பேஸ்ட் மாற்றி, கடைசியாக ஃபேன் நடுவில் காய்ந்து ஒட்டியிருந்த பொட்டைத் துடைக்கப் போனேன். மாதேஷ் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டான்: "அத வுட்ருங்கண்ணா, எங்கம்மா கண்ணாடி வழியா தெனமும் எட்டிப் பாக்கும்."

சாம்பிராணி

அதற்கப்புறம் சில வருஷங்கள் அவன் வரவே இல்லை. எடிட்டிங் செய்கிறவர்கள் ஃபேன் தொண்டை கிழியக் கத்தினாலும் வேலையை நிறுத்திவிட்டு வரமாட்டார்கள். போன வருஷம் ஒருநாள் அவன் அப்பா சின்னசாமி ஐயா, மொபெட் முன்னால் கம்ப்யூட்டரை வைத்துப் பழைய சேலையால் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தார். பொட்டைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. தம்பி வரவில்லையா என்று கேட்டேன். சேலையை மடித்துக்கொண்டே சொன்னார், சேலத்துக்கு ஆல்பம் கொடுக்க பைக்கில் போனவன் தொப்பூர் கணவாயில் லாரியில் அடிபட்டு இறந்துவிட்டான் என்று. ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு குனிந்துகொண்டேன்.

உள்ளே கறுப்பாகப் பிசின் மாதிரி படிந்திருந்தது. அவன் போட்டோவைக் கம்ப்யூட்டர் மேஜை மேலேயே வைத்து, தினமும் சாம்பிராணி போடுகிறார்களாம். வேறு யாராக இருந்தாலும் புகையை இதன் பக்கத்தில் ஏன் காட்டினீர்கள் என்று ஒரு பிடி பிடித்திருப்பேன். அன்றைக்கு முடியவில்லை. இப்போது இதை யார் உபயோகிக்கிறார்கள் என்று மட்டும் கேட்டேன். யாருமில்லை, அவன் அம்மா காலையில் ஆன் செய்து வைக்கிறாள், கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடுகிறது, அணைந்தால் உட்கார்ந்து அழுகிறாள் என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அவளுக்கு ஆன் பண்றது ஒண்ணுதாங்க தெரியும், அதுவா அணையாம இருந்தா போதும்."

எங்கள் தொழில் பெருமை

அந்தக் கார்டுக்குச் செய்த வேலையை நான் என் சொந்தக் கார்டுக்குக்கூடச் செய்ததில்லை. தகட்டின் ஒவ்வொரு இடுக்கிலும் பிரஷ் விட்டேன். துவரம்பருப்பு அளவு பேஸ்ட் வைத்துச் சிப்பு முழுக்கத் தடவினேன். ஃபேனுக்கு எண்ணெய் விட்டேன். பொட்டு இருந்த இடத்தில் மட்டும் கை வைக்கவில்லை. சின்னசாமி ஐயா முழு நேரமும் ஸ்டூலில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் காத்திருப்பவர் மாதிரி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை முடிந்ததும் ஆன் செய்து, சத்தம் கேட்கிறதா பாருங்கள் என்று வாடிக்கையாளரைக் காது வைக்கச் சொல்வது எங்கள் வழக்கம். ஒன்றும் கேட்கவில்லையென்றால் அதுதான் எங்களுக்குப் பெருமை. அவரையும் குனியச் சொன்னேன். ஐயா குனிந்து காது வைத்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடியும் காது வைத்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஓடுதுங்களா இது?"

திரும்பி வந்த கம்ப்யூட்டர்

அடுத்த வாரமே அது திரும்பி வந்தது. இந்தத் தடவை மாதேஷின் அம்மா மாதம்மாளும் கூட வந்திருந்தார். ரிப்பேர் ஆகிவிட்டது என்றார். எனக்குச் சுருக்கென்றது. செய்த வேலையில் குறை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது பஸ் ஸ்டாண்டுக்கே தெரியும். ஆன் செய்தேன். கம்மென்று ஓடியது. நல்லாத்தானே ஓடுகிறது என்றேன். அம்மா தலையை ஆட்டி, சத்தம் வரவில்லையே என்றார். அது வராமல் இருக்கத்தானே அம்மா இவ்வளவு வேலையும் செய்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"அவன் கதவச் சாத்திக்கிட்டுதாங்க வேல செய்வான். நான் சமையக்கட்டுல இருப்பேன். எனக்கு அவன் மொகம் தெரியாது, இந்த சத்தந்தான் தெரியும். கத்திக்கிட்டே இருந்தா வேலையா இருக்கான்னு இருந்துக்குவேன். நின்னுச்சுன்னா பசியோட வருவான், தோசக்கல்ல அடுப்புல வெப்பேன். அவன் போனப்பறங்கூட அது அதுவா நின்னுபோவறப்பெல்லாம் கை தன்னால கல்ல எடுத்து வெச்சிடுதுங்க. வெச்சிட்டு கதவப் பாக்கறேன்."

சின்னசாமி ஐயா வெளியே போய் நின்றுகொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை. ஃபேனின் வேகத்தை நாமே கூட்டிக் குறைத்து வைக்க ஒரு புரோகிராம் இருக்கிறது. யாருக்கும் அதை இந்தக் காரியத்துக்குப் போட்டதில்லை. வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, போதுமா அம்மா, போதுமா அம்மா என்று குழம்புக்கு உப்பு கேட்பது மாதிரி கேட்டுக்கொண்டே போனேன். இன்னும், இன்னும் என்றார். ஓரிடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். காது கொடுத்துக் கேட்டார். எப்போது ஆன் செய்தாலும் இதே சத்தம் வரும், இனி தானாக அணையாது என்றேன். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் பொட்டை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது போதுங்க, இன்னும் வேலை முடியலன்னு இருந்துக்கறேன்."

ஃபேன் கத்தவேண்டும் என்று சர்வீஸ் செய்து கொடுத்த கடைக்காரன் இந்த ஊரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன், இத்தனை வருஷத்தில் குறை சொல்லி யாரும் திரும்ப வராத வேலையும் அது ஒன்றுதான்.