மெதுவா அண்ணன் வெப்சைட்டைக் காலி செய்த நாள்

மரப் பீரோவைத் தூக்குவதற்கு முன் மெதுவா அண்ணன் அதை விரல் முட்டியால் இரண்டு முறை தட்டுகிறார். தலையைச் சாய்த்துக் கேட்கிறார். பிறகு வீட்டுக்காரம்மாவைப் பார்த்து, "மேல் தட்டுல இன்னும் ஏதோ இருக்குங்கம்மா" என்கிறார். எல்லாவற்றையும் எடுத்தாயிற்று என்று அந்த அம்மாள் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்கிறார். திறந்து பார்த்தால் மூலையில் ஒரு கம்பளிப் போர்வை பதுங்கிக் கிடக்கிறது. "காலியா இருந்தா ஒரு சத்தம், நிறைஞ்சிருந்தா ஒரு சத்தம். ஆளு மறந்துடுவாங்க, மரம் மறக்காது" என்று சொல்லிக்கொண்டே கயிற்றை அவிழ்க்கிறார்.

வீடு மாற்றித் தருவது அவர் தொழில். ஒரு மினி லாரி, நான்கு ஆட்கள், தொலைபேசியை எடுக்க மனைவி. இவ்வளவுதான் கம்பெனி. படிக்கட்டில் சாமான் இறங்கும்போது மேல்படி முதல் கீழ்ப்படி வரை "மெதுவா... மெதுவா..." என்று ஓதிக்கொண்டே வருவார். அதனால் ஊருக்கே அவர் மெதுவா அண்ணன். சொந்தப் பெயர் அவருடைய டிரைவிங் லைசென்ஸுக்குத் தெரிந்திருக்கலாம்.

பதினோரு வருடத்தில் நான் ஆறு வீடு மாறியவன். வீட்டு உரிமையாளர்களுக்கும் எனக்கும் அப்படியொரு பொருத்தம். முதல் முறை வேறு ஆளை வைத்து என் கண்ணாடி மேஜையை ஏழு துண்டாக்கிக்கொண்டேன். மீதி ஐந்து முறையும் இவர்தான். அந்த ஐந்து முறையில் உடைந்தது ஒரே ஒரு பீங்கான் கோப்பை. அதையும் நான் கண்டுபிடிக்கவில்லை. அவரே இரண்டு துண்டுகளையும் கையில் ஏந்தி வந்து, "சார், இது எங்க கையால போச்சு" என்று நின்றார். துக்கம் விசாரிக்க வந்தவர் போல இருந்தது.

அவருக்கென்று சில சட்டங்கள் உண்டு. சுவர்க் கடிகாரத்தைப் பெட்டியில் போட மாட்டார். லாரியின் முன் இருக்கையில் மடியில் வைத்துக்கொண்டுதான் போவார், ஓடிக்கொண்டே புது வீட்டுக்குள் நுழைய வேண்டுமாம். எந்த வீட்டில் கை வைப்பதற்கு முன்பும் நீளமான ஒரு நோட்டில் சீட்டு எழுதுவார். எண், பொருள், எந்த அறை, எந்த மூலை என்று ஒன்றுவிடாமல். சாமான் எல்லாம் ஏறிய பிறகு வெறும் வீட்டுக்குள் தனியாக ஒரு சுற்றுப் போய் ஒவ்வொரு அலமாரித் தட்டிலும் கையை விட்டுத் துழாவுவார். அப்படிக் கிடைத்த கம்மல், சாவி, குழந்தையின் விழுந்த பல் எல்லாம் உரியவரிடம் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்று: முழுதாகக் காலி செய்து, பெருக்கிய பிறகுதான் புதுச் சாமான் உள்ளே போகலாம். தொழிலுக்கு வந்த புதிதில் பழைய குடி போகும் முன்பே புதுக் குடியின் மூட்டைகளை இறக்கி, இரண்டு வீட்டுப் பாத்திரமும் கலந்துவிட்டது. ஒரு குக்கர் மூடிக்காக அந்த இரண்டு குடும்பமும் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இந்தச் சட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதுதான் பின்னால் அவர் காலை வாரிவிட்டது.

மழை மாதங்களில் யாரும் வீடு மாற மாட்டார்கள். ஒவ்வொரு வருடமும் அந்த நாட்களில் நான்கு ஆட்களில் ஒருவராவது வேறு வேலைக்குப் போய்விடுவார். போனவர் திரும்புவதில்லை. "படிக்கட்டுத் திருப்பத்துல கண்ணாலயே பேசிக்கற ஆளுங்க. அப்படி ஒருத்தரைப் பழக்க மூணு வருஷம் ஆகும்" என்பார். இந்த வருடம் நகர நூலகம் புதுக் கட்டடத்துக்குப் போகிறது. பதினெட்டாயிரம் புத்தகங்கள், ஒரு மாத வேலை, அதுவும் சரியாக மழை நேரத்தில். கிடைத்தால் நால்வரும் அவரோடு இருப்பார்கள். மூன்று கம்பெனிகளைப் பரிசீலிக்கிறோம், உங்கள் வெப்சைட் முகவரியை அனுப்புங்கள் என்று நூலகத்திலிருந்து கடிதம் வந்தது. அவரிடம் இருந்த ஒரே முகவரி லாரியின் பக்கவாட்டில் பெயின்ட்டில் எழுதியதுதான்.

மாதச் சந்தாவில் ஆயத்த வெப்சைட் ஒன்றை வாங்கினார்கள். "நீங்க எழுதறவரு, கம்ப்யூட்டர் தெரிஞ்சவரு" என்று என்னைப் பிடித்துப்போட்டார்கள். அலுவலகம் என்பது அவர்கள் வீட்டின் முன்னறை. மேஜையில் பழைய லேப்டாப், அதன் முன்னே மனைவி, பின்னால் கையைக் கட்டிக்கொண்டு இவர்.

நான் திரையில் விரல் வைத்துச் சொன்னேன். உச்சியில் இருப்பது ஹெட்டர், கம்பெனியின் பெயரும் படமும் அங்கே. அதை ஒட்டி மெனு, எந்தெந்தப் பக்கம் இருக்கிறது என்று அது சொல்லும். நடுவில் பக்கம். அடியில் ஃபுட்டர், முகவரியும் தொலைபேசி எண்ணும் அங்கே. எந்தப் பக்கத்துக்குப் போனாலும் ஹெட்டரும் ஃபுட்டரும் மாறாது.

"இருங்க, இருங்க" என்றார். "பக்கம் ஒவ்வொண்ணும் ஒரு ரூமு. மெனு ரூமுக்குப் போற வழி. மேல இருக்கறது கூரை. கீழ இருக்கறது காம்பவுண்டு சுவரு."

"சுவரு இல்லீங்க, தரை" என்றார் மனைவி. "எந்த ரூமுக்குப் போனாலும் கூடவே வருதுன்னு சொல்றாருல்ல?"

"ஆமா, தரைதான்" என்று உடனே ஒப்புக்கொண்டார். வீட்டில் அவர் வாதாடி ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை.

எடிட்டர் என்பது நாம் உள்ளே நின்று வேலை செய்யும் இடம், வெளியே இருப்பவர்களுக்கு அது தெரியாது என்றேன். கூட்டல் குறியை அழுத்தினால் புதிய கட்டம் வரும். அதில் எழுத்து, படம், பொத்தான் எதை வேண்டுமானாலும் வைக்கலாம், பிடித்து இழுத்து இடம் மாற்றலாம். 'சேமி' என்றால் நமக்குள் பத்திரமாக இருக்கும். 'வெளியிடு' என்றால் ஊரே பார்க்கும். இழுத்து இடம் மாற்றலாம் என்றதுமே அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நகர்த்தறதுதானே? அதைத்தானே இருபத்தெட்டு வருஷமாப் பண்றேன்" என்று மவுஸைப் பிடித்தார். லாரிப் படம் இடமிருந்து வலம் போய்ச் சேரும்வரை "மெதுவா... மெதுவா..." என்று முணுமுணுத்தார். படம் உட்கார்ந்ததும் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

ஃபுட்டரில் என்ன எழுதலாம் என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னார்: "ஏதாவது உடைந்தால், நீங்கள் கண்டுபிடிக்கும் முன் நாங்களே சொல்லிவிடுவோம்." விளம்பரத்தில் யாராவது உடைவதைப் பற்றி எழுதுவார்களா என்று தலையில் அடித்துக்கொண்டேன். "தரையிலதான சார் உடையும். அங்கயே இருக்கட்டும்" என்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வெப்சைட் வெளியானது. சுமாராக இருந்தாலும் முழுசாக இருந்தது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, புதிதாக எடுத்த படங்களுக்கு இரண்டிரண்டு வரி எழுதித் தரப் போயிருந்தேன். அப்போது நூலகரம்மா அழைத்தார். மனைவி ஸ்பீக்கரில் போட்டார்.

"உங்க வெப்சைட்டைத்தான் பாத்துட்டு இருக்கேன். மேல பேரு இருக்கு, கீழ ஒரு வரி இருக்கு. நடுவுல ஒண்ணுமே இல்லையே, எல்லாப் பக்கமும் வெள்ளையா இருக்கு?"

மனைவி திரும்பி இவரைப் பார்த்தார். இவர் தொலைபேசியைப் பார்த்துக் குனிந்தார். "ஆமாங்கம்மா. நேத்து காலி பண்ணினோம். பெருக்கிட்டுப் புதுசா வைக்கலாம்னு."

"எல்லாரும் பாக்கற வெப்சைட்டையா காலி பண்ணினீங்க?"

"பழசும் புதுசும் கலந்துடக் கூடாதேன்னு பண்ணிட்டேங்க. தப்புன்னு இப்பத்தான் தெரியுது. தப்பு எங்க கையாலதான்."

"மூணு மணிக்குக் கமிட்டி கூடுது. அவங்க முன்னால திறந்து காட்டணும். வெள்ளைப் பக்கத்தை எப்படிக் காட்டறது?"

"மூணு மணிக்குச் சாமான் இருக்கும்மா" என்றார்.

தொலைபேசியை வைத்ததும் மனைவி பிடித்துக்கொண்டார். "ஊர் வீட்டையெல்லாம் காலி பண்றது பத்தாதுன்னு நம்ம வீட்டையும் காலி பண்ணிட்டீங்களா? அதையும் வெளியிடுன்னு வேற அமுக்கியிருக்கீங்க!"

"காலி பண்ணினா வெளிய 'வீடு காலி'ன்னு போர்டு மாட்டணும்ல? அதான் அமுக்கினேன்" என்றார், குரல் இறங்கி. ஹெட்டரையும் ஃபுட்டரையும் ஏன் விட்டுவைத்தீர்கள் என்று கேட்டேன். "கூரையையும் தரையையும் எந்த வீட்டுலயும் தொட மாட்டோம் சார்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பழைய பிரதி எங்காவது தங்கியிருக்கிறதா என்று எடிட்டரின் மூலைமுடுக்கெல்லாம் தேடினேன். இந்தச் சந்தாவில் அந்த வசதி கிடையாதாம். ஜன்னலுக்கு வெளியே நான்கு ஆட்களும் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

அவர் அலமாரியைத் திறந்து நீள நோட்டை எடுத்து மேஜையில் வைத்தார். "முகப்புப் பக்கம். ஒண்ணு: லாரிப் படம், வலது பக்கம். ரெண்டு: எழுத்து, நாலு வரி" என்று தொடங்கியது; அந்த நான்கு வரிகளும் ஒரு புள்ளி குறையாமல் கீழே எழுதப்பட்டிருந்தன. இப்படி முப்பத்தொரு உருப்படிகள். "சீட்டு எழுதாம நான் எந்த வீட்டுலயும் கை வெச்சதில்லைங்க" என்றார். அந்த மனிதரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. மனைவி கோபத்தைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அவர் எண்ணைப் படிக்க, மனைவி கட்டம் திறந்து இழுக்க, நான் தட்டச்சு செய்தேன். பெரிய சாமான் முதலில், சில்லறை பிறகு என்று இதிலும் ஒரு வரிசை வைத்தார். பழைய லாரிப் படத்துக்குப் பதிலாக நான்கு ஆட்களும் நடுவே சுவர்க் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் புதுப் படம் ஏறியது. முப்பத்தொன்றும் முடிந்ததும், "இன்னொண்ணு இருக்கு" என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: ஒவ்வொரு அலமாரிக்கும் ஒரு எண், ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பெட்டி, பக்கத்தில் இருந்த புத்தகம் புதுக் கட்டடத்திலும் பக்கத்திலேயே இருக்கும். இதுவரை எந்த நூலகத்தையும் மாற்றிப் பழகாதவர் இதை எப்போது யோசித்தார் என்று தெரியவில்லை.

வெளியிடும் முன் 'முன்னோட்டம்' என்ற பொத்தானைக் காட்டினேன். வருகிறவர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று நாம் மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். "இது இருக்கறதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். உண்மைதான், நான் சொல்லவில்லை. அந்த வெள்ளைப் பக்கத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று அப்போதுதான் உறைத்தது.

இரண்டு மணி இருபது நிமிடத்துக்கு வெளியிட்டோம். நானும் மனைவியும் டீ குடிக்க எழுந்தோம். அவர் எழவில்லை. மனைவியின் செல்போனை வாங்கி வெளியாள் போல வெப்சைட்டைத் திறந்தார். மெனுவைத் தொட்டு ஒவ்வொரு பக்கமாகப் போய், மேலிருந்து அடிவரை விரலால் தள்ளிக்கொண்டு வந்தார். தொடர்புப் பக்கத்தில் விரல் நின்றது. நாங்கள் புதிதாகச் சேர்த்த கட்டத்தின் கீழே, "உங்கள் வாசகத்தை இங்கே எழுதவும்" என்று எடிட்டர் தானாகவே போட்டுவைத்த வரி அப்படியே கிடந்தது. "யாரோ எதையோ விட்டுட்டுப் போயிருக்காங்க" என்று மனைவியிடம் நீட்டினார். அதை எடுத்துவிட்டு மறுபடி வெளியிட்டபோது மூன்றாக ஐந்து நிமிடம்.

அதன் பிறகு அவர் நோட்டின் ஓரங்களை நீவிக்கொண்டே இருந்தார். நாலேகாலுக்குத் தொலைபேசி அடித்தது.

"காலையில வெள்ளையா இருந்ததையும் கமிட்டியில சொல்லிட்டேன்" என்றார் நூலகரம்மா. மனைவி கண்ணை மூடிக்கொண்டார். "நீங்க சொன்ன பதிலையும் சொன்னேன். அப்புறம் உங்க வெப்சைட்டைத் திறந்து அந்த அடிவரியைக் காட்டினேன். எழுதினது மாதிரியே நடந்துக்கறாருன்னு தலைவர் சொன்னாரு. திங்கக்கிழமை வந்து அலமாரியெல்லாம் அளந்துக்கோங்க."

"சரிங்கம்மா" என்றார். ஜன்னலருகே போய், லாரியை இரண்டாம் முறையாகத் துடைத்துக்கொண்டிருந்தவர்களிடம், "திங்கக்கிழமை நாலு பேரும் வந்துடுங்கப்பா. மழை விடற வரைக்கும் வேலை இருக்கு" என்றார். வெளியே யாரோ விசில் அடித்தார்கள்.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பை மூடினார். அவர் மேஜைக்குத் திரும்பி வந்தார். குனிந்து, மூடிய லேப்டாப்பை விரல் முட்டியால் இரண்டு முறை தட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார்.