கிகுயோ கையெழுத்திட்ட மரம்

முப்பது வயதில் கணவனைப் பறிகொடுத்தபோது, அவன் விட்டுப்போன சின்ன லாரியையும் மர ரம்பத்தையும் விற்றுவிடும்படி உவாசே கிகுயோவுக்கு எல்லோரும் யோசனை சொன்னார்கள். அவள் விற்கவில்லை. ஜப்பானின் ஷிகோக்கு தீவு மலைச்சரிவுகளில் கிளை கழிக்கக் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனாள். நாற்பத்தைந்தாவது வயதில், மூன்றாம் முறை எழுதிய பரீட்சையில் தேறி, மர வைத்தியர் என்ற பட்டமும் வாங்கினாள். அவள் சரி என்று சொன்னால் அந்த மரம் சரி என்று நகராட்சியே நம்பியது.

நகாதானி என்ற மலையூரில் செல்போன் கோபுரம் எழுப்ப முடிவானபோது அவளைத்தான் கூப்பிட்டார்கள். அந்தக் கோபுரத்துக்காக ஆறு வருடம் மனு எழுதி அலைந்தவர் ஊர்த் தலைவர் சசாவோகா ஜின்பெய். அவர் மனைவி, யூசு என்னும் எலுமிச்சை வகைப் பழத் தோட்டத்தில், மார்வலியில் சாய்ந்தபோது ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சிக்னல் இல்லை. சிக்னல் கிடைக்கும் வளைவுவரை மலைப்பாதையில் ஓடிப்போய்ப் பேசிவிட்டு அவர் திரும்பி வந்தபோது உடம்பு குளிர்ந்திருந்தது.

கோபுரத்துக்குக் கிடைத்த இடம் கோயிலை ஒட்டிய மேட்டு நிலம். அதன் ஓரத்தில் நாலு பேர் கை கோத்தாலும் எட்டாத கற்பூர மரம் ஒன்று நின்றது. மரத்துக்குக் கீழே, சரிவில், ஜின்பெய்யின் வீடு. மரத்துக்கு ஊறு வரக்கூடாது, இரும்பு கண்ணில் படாதபடி சுற்றிலும் செடி வைக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளோடு நகராட்சி அனுமதி கொடுத்தது. இரண்டும் கிகுயோவின் பொறுப்பு. மரத்திலிருந்து பன்னிரண்டு எட்டு தள்ளி, சுற்றிலும் முளையடித்து, அதற்குள் யாரும் தோண்டக் கூடாது என்று ஆரஞ்சு வலை கட்டினாள். மண்வெட்டும் இயந்திரத்தை ஓட்டத் தன் தங்கை ஃபுமியேயின் கணவன் தோராவோவை அவளே சிபாரிசு செய்தாள்.

ஒரு நாள் மறைப்புக்கான காமெலியா செடிக் கன்றுகள் ஏற்றிவர நாற்றுப்பண்ணைக்குப் போய்விட்டு மதியம் திரும்பினாள். லாரியை விட்டு இறங்கியதுமே மணம் வந்தது. கற்பூர இலையைக் கசக்கினால் வருவது மெல்லிய மணம். இது நெற்றிப்பொட்டைக் குத்தியது. வலை இருந்த இடத்தில்தான் இருந்தது. ஆனால் முளைகள் புதுக் குழிகளில் நின்றன. மரத்துக்கு மேட்டுப்பக்கமாக, வலைக்கு உள்ளே, ஒரு கோடாக மண் புதிதாக மூடி, உருளை ஓட்டி, சமமாக்கப்பட்டிருந்தது.

"தம்பி, எத்தனை வேரு?" என்றாள்.

தோராவோ கையுறையைக் கழற்றி மாட்டினான். "சும்மா சல்லி வேருக்கா. ரெண்டோ மூணோ."

"சல்லி வேருக்கு இப்படி மணக்காது. யாருகிட்ட கதை விடுற?"

"மூணு. தொடை மொத்தம் இருக்கும்." அவன் குரல் இறங்கியது. "மீனகாவா சார்தான்க்கா வெட்டச் சொன்னாரு. கேபிள் குழியச் சுத்திக் கொண்டுபோனா நாலு நாள் ஆகுமாம், கேபிள்காரங்க நாளைக்கே வர்றாங்களாம். நானாவா செஞ்சேன்?"

சரிவில் நிற்கும் மரத்தை மேட்டுப்பக்க வேர்கள்தான் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும். கிகுயோ கோபுரக் கம்பெனி மேற்பார்வையாளர் மீனகாவாவிடம் போனாள். அவள் கையெழுத்துக்கான காகிதத்தை அவர் தயாராக வைத்திருந்தார். 'பாதுகாப்பு எல்லைக்குள் தோண்டப்படவில்லை.'

"கிளையில மூணுல ஒரு பங்கு கழிச்சு, ரெண்டு முட்டுக் குடுத்தா நிக்கும் சார்."

"நல்லா இருக்கற மரத்துக்கு முட்டு எதுக்குன்னு நகராட்சியில கேப்பாங்களே, என்ன சொல்லப் போறீங்க? விசாரணைன்னு வந்தா மெஷின் ஓட்டினவர் லைசன்ஸ்தான் மொதல்ல போகும். உங்க தங்கச்சி வீட்டுக்காரர்தானே அவர்?"

ஃபுமியேவுக்குச் சிறுநீரகம் பழுது. வாரத்துக்கு மூன்று நாள் தோராவோதான் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் வந்தான். கிகுயோ பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டாள்.

கோபுரம் வேலை செய்யத் தொடங்கிய அன்று ஜின்பெய் போன் போட்டார். "கிகுயோ, படுத்துக்கிட்டே பேசறேன்! நாலு கோடு காட்டுது!" செடிகளைக் கத்தரிக்க அவள் போகும்போதெல்லாம் தேநீரும் முள்ளங்கி ஊறுகாயும் கொண்டுவந்து வைப்பார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் மரத்தைப் பார்ப்பாள், மரத்தைப் பார்க்க முடியாமல் தேநீரைப் பார்ப்பாள். இரண்டாவது கோடையில் உச்சிக் கொம்புகள் காய்ந்தன. "மழை கம்மி" என்று அவரிடம் சொன்னாள்.

அந்தச் செப்டம்பரில் புயல் வந்தது. காலை ஒன்பது மணிக்கு அவள் போன் அடித்தது.

"மரம் வீட்டு மேல சாஞ்சிருச்சும்மா." ஜின்பெய்யின் குரல் நிதானமாகவே இருந்தது. "எம் மேல, இடுப்புக்குக் கீழ உத்தரம் கெடக்கு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன், ரோட்டுல மண் சரிஞ்சிருக்காம். நீ ரம்பத்த எடுத்துக்கிட்டு வர்றியா?"

"வர்றேன். போனை வச்சிராதீங்க, பேசிக்கிட்டே இருங்க."

மண் சரிந்த இடத்தில் லாரியை விட்டுவிட்டு, ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் ஏறினாள். தோட்டத்தைப் பற்றியும், ஒசாகாவில் இருக்கும் மகள் நத்சுகோவைப் பற்றியும் அவர் பேசிக்கொண்டே வந்தார். ஒரு திருப்பத்தில், குளிர்கிறது என்றார். அதற்குப் பிறகு போனில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

கிளைகளை அறுத்து அவரை எட்ட இரண்டு மணி நேரம் ஆனது. போன் அவர் கையில் இருந்தது, நாலு கோட்டோடு. வெளியே வந்து அவள் மேட்டைப் பார்த்தாள். பெயர்ந்து நின்ற வேர்த்தட்டில் மூன்று வேர்கள் அடியோடு வெட்டுப்பட்டு, கறுத்து, உளுத்துப் போயிருந்தன.

பார்க்க வந்த அதிகாரிகள் இயற்கைச் சீற்றம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். பதினோராவது நாள் கிகுயோ நகராட்சிக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். போகுமுன் தங்கை வீட்டுக்கும் போனாள்.

"செத்தவரு செத்துட்டாரு. என்னையும் சேத்துப் பொதைக்கணுமாக்கா?" என்றான் தோராவோ.

ஃபுமியே எழுந்து போனாள். அக்காவின் செருப்பை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்தாள்.

தோராவோவின் மெஷின் ஓட்டும் லைசன்ஸ் போனது. கிகுயோவின் பட்டமும் போனது. கம்பெனி அவள் கையெழுத்தைக் காட்டித் தப்பித்துக்கொண்டது. மீனகாவாவை வேறு மாவட்டத்துக்கு மாற்றினார்கள். ஒசாகாவிலிருந்து நத்சுகோ வந்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா?"

"முட்டுக் குடுத்திருப்பாங்க. அது வரைக்கும் அப்பாவை வேற வீட்டுல தங்க வச்சிருப்பாங்க."

"அப்ப மரம் கொல்லல."

"இல்லை."

நத்சுகோ தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் வரவுமில்லை, எழுதவுமில்லை.

கிகுயோ இப்போது யூசு பிரிக்கும் கொட்டகையில் பழம் தரம் பார்க்கிறாள். ஃபுமியேவை ஆஸ்பத்திரிக்கு இப்போதும் தோராவோதான் அழைத்துப் போகிறான். கிகுயோ எதிரே வந்தால் அவர்கள் இருவரும் சாலையின் மறுபக்கம் போய்விடுகிறார்கள்.

போன வசந்தத்தில் அடுத்த பள்ளத்தாக்கில் ஒரு கோபுரம் போட வந்தார்கள். அங்கே கோயில் தேவதாரு ஒன்று இருந்தது. கிகுயோ சாப்பாட்டு டப்பாவோடு போய் வலைக்கு உள்ளே உட்கார்ந்தாள்.

"யாரும்மா நீங்க? இங்கல்லாம் உக்காரக் கூடாது" என்றார் மேற்பார்வையாளர்.

"ஒருத்தரைச் சாகவிட்டவ. வேலையப் பாருங்க, குறுக்க வரமாட்டேன்."

முதல் நாள் போலீஸ்காரர் வந்து தன்மையாகக் கூட்டிப்போய் வீட்டில் விட்டார். மறுநாளும் போனாள், மறுபடி விட்டார். மூன்றாம் நாள் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேபிள் குழி மரத்தை விட்டு நாலு மீட்டர் தள்ளிப் போனது. அவள் உட்கார்ந்திருந்ததாலா, பாறை குறுக்கிட்டதாலா என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. குழியை மூடி மண் அடைத்து முடிக்கும்வரை இருந்துவிட்டு, பஸ் பிடித்துக் கொட்டகைக்குப் போனாள்.