ஆடியில் அறுத்த வேம்பு

கதவுக்குப் பின்னால் சாக்கில் சுற்றி வைத்த ரம்பத்தை எடுக்கப் பார்வதத்துக்குத் துணிச்சல் வரவில்லை. ஆடி மாதம் வேறு. பின்பக்கத்து வேம்புக்கு யாரோ காலையிலேயே மஞ்சள் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போயிருந்தார்கள். அந்த வேம்பைத்தான் அவள் அறுக்க வேண்டும்.

சாமிக்கென்று வைத்த மரமா அது? இல்லவே இல்லை. எண்பத்தைந்தாம் வருஷம் ஒரு மலர்க் கண்காட்சியில், தட்டைத் தொட்டிக்குள் கிழவன் மாதிரி நின்ற குட்டி ஆலமரத்தைப் பார்த்தாள் பார்வதம். போன்சாய் என்றார்கள். அன்று பிடித்த பைத்தியம்! ஆவடி குவார்ட்டர்ஸில் அடுப்பு வேலை போக மிச்ச நேரமெல்லாம் செடிதான். தொட்டியிலேயே வளர்த்தால் அடிமரம் விரல் கனத்தைத் தாண்டாது என்று பட்டுத்தான் தெரிந்துகொண்டாள். அதனால் ஒரு வேப்பங்கன்றைத் தரையில் இறக்கினாள். வேர் ஆழம் போகாமல் பக்கவாட்டில் பரவ, அடியில் தட்டையான ஓடு ஒன்றை வைத்தாள். உச்சி ஓட ஓடத்தான் அடி பருக்கும் என்று மேலே அதன் இஷ்டத்துக்கு விட்டாள். தொடை கனம் வந்ததும் முழங்கால் உயரத்தில் அறுத்துத் தொட்டிக்கு மாற்றுவதாக உத்தேசம்.

அதைக் கெடுத்தது அம்மை. பக்கத்து வீட்டு வரலட்சுமியின் மகளுக்கு அம்மை போட்டபோது, பார்வதம்தான் இந்த மரத்திலிருந்து கொத்துக் கொத்தாக ஒடித்துக் கொடுத்தாள். பிள்ளை பிழைத்தது. வரலட்சுமி வந்து மரத்துக்கு மஞ்சள் துணி கட்டி விழுந்து கும்பிட்டாள். இது அறுக்கப் போகிற மரம் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அழுகிறவளிடம் எந்த வாயால் சொல்வது? அடுத்த ஆடியில் தெருவே வந்து கூழ் ஊற்றியது.

இப்போது கணவர் பக்தவத்சலம் ஓய்வு பெறுகிறார். அம்பத்தூரில் கட்டிய வீட்டுக்குப் போக நாளைக்கு டெம்போ வருகிறது. விட்டுப் போனால் ஏழு வருஷப் பாடும் அம்போதான்.

"ஆத்தா கனவுல வந்து 'நானும் உன்கூட வரேன்'னு சொன்னான்னு ஒரு போடு போடு. ஒருத்தியும் வாயத் தொறக்க மாட்டா" என்றார் அவர்.

போட்டாள். பலித்துத் தொலைத்தது! பெண்களே கடப்பாரையோடு வந்து குலவை போட்டுத் தோண்டினார்கள். பக்கவேர்களை வெட்டி விட்டதும் மரம் அடியிலிருந்த ஓட்டின்மேல் ஆடியது. பார்வதம் ரம்பத்தைக் கொண்டுவந்தாள்.

"ஐயோ, இன்னாக்கா பண்றே!" வரலட்சுமி ஓடிவந்து குறுக்கே நின்றாள். "கூட வரேன்னு சொன்ன ஆத்தாவ கழுத்த அறுத்தா இட்டுகினு போவே? முழுசா ஏத்து."

முழுசாக ஏற்றினால் செத்துப்போகும். பாதி வேர் போன மரம் இத்தனை இலையை எப்படித் தாங்கும்? திரும்பப் புதைத்தாலும் அதே கதிதான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கொழுந்துகள் அதற்குள் தொங்கிவிட்டன.

அறுக்கச் சொன்னதும் ஆத்தாதான் என்று இன்னொரு பொய் சொல்லும்படி பக்தவத்சலம் கண்ணைக் காட்டினார். பார்வதத்துக்கு அருவருப்பாக இருந்தது.

"கனவுமில்ல, ஒண்ணுமில்லடி. பொய் சொன்னேன். தொட்டியில வைக்கறதுக்குன்னு நான் வளர்த்த மரம். வச்ச அன்னிக்கே அறுக்கணும்னுதான் வச்சேன். இப்ப அறுக்கலைன்னா பட்டுப்போயிடும்."

ஒருத்தி காறித் துப்பினாள். "நீ நல்லாவே இருக்க மாட்டே" என்று மண்ணை வாரித் தூற்றினாள் இன்னொருத்தி. பக்தவத்சலம் நைசாக உள்ளே போய்விட்டார். எல்லோரும் கலைந்த பிறகும் வரலட்சுமி மட்டும் நின்றாள்.

"அப்போ எம்பொண்ணு பொழச்சது?"

"நீ கண்ணு முழிச்சுப் பார்த்துகிட்டே. அதான் பொழச்சா."

"இல்லக்கா. ஆத்தாதான்."

பார்வதம் குனிந்து ரம்பத்தை வைத்து இழுத்தாள். பாதி அறுபட்டதும் மேல்மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நெறுநெறுத்தது. சாய விட்டால் பட்டை அடிவரை உரிந்துவிடும், அத்தனையும் வீண். பிடிக்க ஆளில்லை. ஒரு கையால் மரத்தைத் தாங்கிக்கொண்டு "ஏங்க! ஏங்க!" என்று கத்தினாள். உள்ளேயிருந்து சத்தமே இல்லை.

சட்டென்று பாரம் குறைந்தது. வரலட்சுமி மரத்தை மார்போடு அணைத்து நிமிர்த்திப் பிடித்திருந்தாள். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

"அறுக்கா, சீக்கிரம் அறு" என்றாள். "ஆத்தா வந்து கேட்டா, நான்தான் புடிச்சேன்னு சொல்லிக்கிறேன்."