ஒன்பதாவது பேர்

எங்கள் வீட்டுப்பேர் சுக்கான் வீடு. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க இன்று இரண்டு பேர்தான் இருக்கிறோம். ஒருவர் என் சித்தப்பா, இன்னொருத்தி நான். சித்தப்பாவுக்குப் பிள்ளைகள் இல்லை. என் பேருக்கு முன்னால் இருப்பது அப்பாவின் முதல் எழுத்து மட்டும். என் மகனின் பேருக்கு முன்னால் இருப்பது அவன் அப்பாவின் எழுத்து. ஆதார் அட்டையிலும் வாக்காளர் பட்டியலிலும் வீட்டுப்பேர் எழுத இடமே கிடையாது. ஆகவே இந்த இரண்டு இனிமேல் மூன்றாக வழியில்லை.

அந்தப் பேர் எப்படி வந்தது என்பதற்கு எங்கள் குப்பத்தில் இரண்டு கதைகள் இருந்தன. நைனா சொன்னது ஒன்று. எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். பழவேற்காட்டில் டச்சுக்காரர் கோட்டை கட்டி வியாபாரம் செய்த காலத்தில், கடலில் நிற்கும் கப்பல்களிலிருந்து சரக்கு இறக்கிய படகுகளை முகத்துவாரத்தின் வழியாக ஏரிக்குள் கொண்டுவர எங்கள் முப்பாட்டன் ஒருவரைத்தான் நம்புவார்களாம். அவர் சுக்கான் பிடித்தால் படகு மணலில் தட்டாதாம்.

மற்றக் கதையை ஊர்த் தலைவர் சொல்வார். அவர் வீட்டுக்குப் பேர் ஆணி வீடு. அவர் கதைப்படி எங்கள் முப்பாட்டன் எந்தப் படகையும் ஓட்டவில்லை. தரைதட்டி உடைந்த ஒரு கப்பலின் சுக்கானைத் திருடிக்கொண்டு வந்து வீட்டுக்குக் கதவாக வைத்துக்கொண்டார்.

இதில் சங்கடம் என்னவென்றால், எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு உண்மையிலேயே அப்படியொரு கதவு இருந்தது. கறுத்துப்போன ஒரே கனத்த பலகை. திறந்து மூட இரண்டு கை வேண்டும். அதில் ஆணி இல்லாத ஓட்டைகள் ஏழு. நான் விரல் விட்டு எண்ணியிருக்கிறேன். நைனாவிடம் அது என்ன பலகை என்று கேட்டால், "மரப்பலகை" என்பார்.

ஒரு கல்யாணப் பந்தியில் தலைவர் தன் கதையை முழுக்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவைக் காட்டி, "இதோ கீறான் பாரு, திருட்டுச் சுக்கான்" என்று முடித்தார். பந்தி முழுவதும் சிரித்தது. சித்தப்பா பாதிச் சோற்றில் இலையை மூடிவிட்டு எழுந்தார். அன்றைக்கே ஊரை விட்டுப் போய் ஆரம்பாக்கத்தில் நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடை ஒன்றில் சேர்ந்துவிட்டார். நைனா போய்க் கூப்பிடவில்லை. "தானா போனவன் தானா வரட்டும்" என்றார். அப்போது எனக்குப் பத்து வயது. டீச்சர் தினமும் நாலு வரி எழுதி வரச் சொல்லி, நான் பழைய நோட்டு ஒன்றில் எழுத ஆரம்பித்திருந்த வருஷமும் அதுதான்.

சித்தப்பா போன ஏழாம் மாதம் நைனா படகிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து வலது காலை உடைத்துக்கொண்டார். புத்தூர்க் கட்டுப் போட்டுக் கட்டிலில் கிடத்தினார்கள். பாடு பிரிக்க அப்போது ஒன்பது நாள் இருந்தது.

பாடு என்றால் ஏரியில் வலை கட்டும் இடம். எல்லா இடத்திலும் இறால் ஓடாது. முகத்துவாரத்தை ஒட்டிய சில இடங்களில்தான் ஓடும். அந்த இடங்களை யார் எந்த நாளில் வைத்துக்கொள்வது என்று வருஷத்துக்கு ஒரு முறை ஊர் கூடிச் சீட்டுப்போட்டுப் பிரித்துக்கொள்ளும். எங்கள் குப்பத்தில் அதை இப்படிச் செய்தார்கள்: தலைவர் ஒவ்வொரு வீட்டுப்பேராகக் கூப்பிடுவார். அந்த வீட்டு ஆண் எழுந்து தன் காலில் நின்று "இருக்கேன்" என்று சொல்லி, முன்னால் வந்து பானைக்குள் கைவிட்டு ஒரு சிப்பி எடுப்பார். சிப்பியின் உள்பக்கம் எண் எழுதியிருக்கும். ஒரு பேரை மூன்று முறை கூப்பிடுவார்கள். மூன்றாவதிலும் யாரும் நிற்காவிட்டால் அந்தப் பேரை அடித்துவிடுவார்கள். அடித்த பேரை மறுபடி எழுதியதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. பாடு இல்லாத வீட்டுக்காரன் அதன்பிறகு அடுத்தவன் படகில் கூலிக்குப் போக வேண்டியதுதான்.

காலியாகும் இடம், புதிதாகக் கல்யாணமாகிக் காத்திருப்பவர்களில் முதல் ஆளுக்குப் போகும். அந்த வருஷம் முதல் ஆள் தலைவரின் இளைய மகன்.

பாடு பிரிப்பதற்கு முதல் நாள் அம்மா கருவாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு, ஆரம்பாக்கத்தில் விற்றுவிட்டு வருவதாக நைனாவிடம் சொன்னாள். பழவேற்காட்டிலேயே விற்கிற கருவாட்டுக்கு எதற்கு அவ்வளவு தூரம் என்று நைனா கேட்கவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். அப்போது பாலம் கிடையாது. தோணியில் அக்கரை போய், பொன்னேரிக்கு பஸ், அங்கிருந்து ரயில். ரயிலில் எனக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது. அந்த நாளில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான்.

சித்தப்பா டீ ஆற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"நாளைக்கிப் பாடு பிரிக்கிறாங்க" என்றாள் அம்மா.

"பிரிக்கட்டும்."

"உங்க அண்ணனுக்குக் காலு ஒடஞ்சி படுத்துகினு கீறாரு."

சித்தப்பாவின் கை அப்போதுதான் நின்றது. "எந்தக் காலு?"

"நிக்கத் தேவ ரெண்டு. எந்தக் காலா இருந்தா இன்னா?"

கொஞ்ச நேரம் டம்ளரைக் கழுவினார். "அண்ணி, இங்க என்னை மாஸ்டருன்னு கூப்புடறாங்க. அங்க திருடன்னு கூப்புடுவான். நான் எழுந்து நின்னு, ஆமா சாமி, இருக்கேன்னு சொல்லணுமா?"

அம்மா கூடையைத் தலைக்கு ஏற்றினாள். நான்தான், "அப்போ நான் சொல்றேன் சித்தப்பா" என்றேன்.

"சொல்லேன். மொதல்ல மீச மொளைக்கட்டும்." கண்ணாடி ஜாடியிலிருந்து ஒரு பன் எடுத்து என் கையில் வைத்தார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. "பாலு பொங்குது" என்று திரும்பிக்கொண்டார். பால் பொங்கவில்லை. நான் எட்டிப் பார்த்தேன்.

மறுநாள் காலை நைனாவைக் கட்டிலோடு நாலு பேர் தூக்கிவந்து அம்மன் கோயில் எதிரில் இறக்கினார்கள். பெண்கள் தூரத்தில் நின்றார்கள். கட்டின்மேல் ஈ உட்காராமல் விசிறுவதற்காக என்னை மட்டும் நைனா பக்கத்தில் விட்டார்கள். பட்டியலில் எங்கள் பேர் ஒன்பதாவது. எட்டுப் பேரும் மளமளவென்று முடிந்தன. ஒவ்வொருவராக எழுந்தார்கள், நின்றார்கள், எடுத்தார்கள்.

"சுக்கான் வீடு!"

நைனா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார். முடியவில்லை. மறுபடி படுத்து வேப்பமரத்தைப் பார்த்தார். தலைவரின் இளைய மகன் புது வேட்டியைச் சரிசெய்துகொண்டான்.

தலைவர் இரண்டாவது முறை கூப்பிடவில்லை. "கண்ணாடி அழுக்கா கீது" என்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் ஒரு பக்கம் துடைத்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மறுபக்கம் துடைத்தார். தண்ணீர் கேட்டார். தண்ணீர் வந்ததும், இது உப்புக் கரிக்கிறது, வேறு கொண்டுவா என்றார். அதையும் குடித்துவிட்டு,

"சுக்கான் வீடு! ரெண்டாவது தபா!"

எனக்கு அழுகை வந்தது. துறையைப் பார்த்தேன், தோணி அக்கரையில்தான் நின்றது. தலைவரோ பானைக்குள் எட்டிப் பார்த்து, "சிப்பி ஒண்ணு கொறையறாப்போல கீதே" என்றார். மிச்சமிருந்ததைப் பாயில் கொட்டி எண்ணினார்கள். சரியாக இருந்தது. இன்னொரு தரம் எண்ணச் சொன்னார். அப்போதும் சரியாக இருந்தது. பானையில் மணல் இருக்கிறது, கழுவி எடுத்து வா என்றார். கழுவி வந்தார்கள். ஈரமாக இருக்கிறது, எண் அழிந்துபோகும், காய வை என்றார்.

"தலைவரே, வெயில் ஏறுது!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"ஏறட்டும். நீ இன்னா அப்பளமா, காஞ்சிபோறதுக்கு?"

"நைனா, மூணாவதக் கூப்புடு" என்றான் தலைவரின் மகன்.

"நீ ஒக்காருடா. கண்ணாலம் ஆயி ஆறு மாசம் ஆவல, அதுக்குள்ள இன்னா அவசரம்?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் அவமானத்தோடு படுத்துக் கிடக்கும்போது அவர்கள் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. நடப்பது சீக்கிரம் நடந்து முடிந்தால் வீட்டுக்குப் போய்விடலாம் என்று இருந்தது. பானை காய்ந்தது. சிப்பிகளை அதில் ஒவ்வொன்றாகப் போட்டார்கள். இனிச் செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. தலைவர் எழுந்து நின்றார்.

"சுக்கா...ன் வீ...டு!"

அவர் அதை இழுத்த இழுப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. முடியும் முன்பே நான் விசிறியைப் போட்டுவிட்டு எழுந்து கத்தினேன். "இருக்கோம்!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நைனா என் பாவாடையைப் பிடித்து இழுத்தார். தூரத்திலிருந்து அம்மா, "ஏய்!" என்றாள்.

"பொட்டப்புள்ள கொரலு செல்லாது தலைவரே" என்றார் ஒருவர்.

"எவன் சொன்னான்?" என்றார் தலைவர். "நிக்கறதுக்கும் சிப்பி எடுக்கறதுக்கும் ஆம்பள வேணும். கொரலுக்கு இன்னா வேணும்னு எந்தப் பாட்டன் சொல்லி வெச்சான்? கொரலு வந்துச்சி. ஆளு கடைசில வந்து நிக்கட்டும். அடுத்த பேரு!"

அவர் மகன் எழுந்து போய்விட்டான். மிச்சப் பேர்கள் பதினான்கு. எட்டுப் பேரை மளமளவென்று முடித்தவர் இந்தப் பதினான்கையும் ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிப் படித்தார். அதில் பன்னிரண்டாவது பேரின்போது தோணி இக்கரைக்குக் கிளம்பியது. கரை வருவதற்குள் ஒருவர் இடுப்பளவுத் தண்ணீரில் குதித்து நடந்து வந்தார். தோளில் டீக்கறை படிந்த துண்டு.

"வந்துட்டியா, திருட்டுச் சுக்கான்?" என்றார் தலைவர். "நின்னு சொல்லு."

சித்தப்பா ஈரம் சொட்ட நைனாவின் கட்டில் பக்கத்தில் நின்றார். "இருக்கேன். திருடுன கைதான். எடுக்கலாமா?"

"எடு, எடு. ஒண்ணுதான் கீது. அதையும் தூக்கினு போ."

இந்த முறை சித்தப்பாவும் சிரித்தார். நைனா சிரிக்கவில்லை. தம்பியின் ஈர வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குத் தூக்கிவரும் வரை விடவில்லை.

சித்தப்பா அதன்பிறகு ஆரம்பாக்கம் திரும்பவில்லை. நைனாவுக்குக் கால் சரியானதும் இருவரும் சேர்ந்தே வலை கட்டினார்கள். சுக்கான் வீட்டுப் பேரைக் காப்பாற்றியவள் நான் என்பது என் தீர்மானம். பள்ளிக்கூடத்தில் சொன்னேன், கல்யாணமாகிச் சென்னைக்கு வந்த பிறகு கணவரிடம் சொன்னேன், மகனுக்கும் சொல்லி வளர்த்தேன். ஒரு கிழவர் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் துணிந்து எழுந்து நின்ற கதை அது.

அந்தத் தலைவரும் நைனாவும் அம்மாவும் இன்று இல்லை. இந்த வருஷம் பாடு பிரித்த அன்று மாலை சித்தப்பா போன் செய்தார். இப்போது பேர் கூப்பிடுவது தலைவரின் அதே இளைய மகன்தான். அவருக்கும் அறுபது தாண்டிவிட்டது.

"நம்ம பேர அடிச்சாச்சி" என்றார் சித்தப்பா.

"நீங்க போகலையா?"

"போனேன். நாற்காலில ஒக்காந்துகினுதான் இருந்தேன். முட்டி வீங்கிப்போச்சி, நிக்க முடியல. கத்தறதுக்கு நீயும் பக்கத்துல இல்ல." சிரித்தார். பிறகு சொன்னார்: "ஆனா சும்மா சொல்லக்கூடாது. பாவம், மெதுவாத்தான் கூப்ட்டான். ரெண்டாவது தபாக்கு முன்னாடி டீ வாங்கியாரச் சொன்னான். மூணாவதுக்கு முன்னாடி யாரோ செருப்பக் காணோம்னு தேடச் சொன்னான். அவங்க நைனா மாதிரியே. நான்தான், போதும்பா, கூப்ட்டு முடின்னேன்."

அவரே தொடர்ந்தார்.

"நம்ம பின்வாசக் கதவுல ஏழு ஓட்ட இருந்திச்சே, அதுல இருந்த ஆணியெல்லாம் எங்க போச்சின்னு என்னிக்காவது கேட்டியா? இன்னிக்கி என்னைக் கைத்தாங்கலா அவங்க ஆணி வீட்டுக்குக் கூட்டினு போயி சோறு போட்டான். செவுத்துல வல மாட்டற ஆணி, ஒவ்வொண்ணும் சாண் நீளம். எண்ணிப் பார்த்தேன். ஏழு. சுக்கான ஒருத்தனே தூக்க முடியுமா, நீயே சொல்லு."

போனை வைத்த பிறகு பரணிலிருந்து அந்தப் பழைய நோட்டை எடுத்தேன். எதையும் தூக்கிப்போடாத பழக்கம் எனக்கு உண்டு. பென்சில் எழுத்து மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. அன்றைக்கு நாலு வரிக்குப் பதில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறேன், புகார்போல, நடந்த வரிசையில். கண்ணாடி இரண்டு பக்கமும் துடைத்தார். தண்ணீர் இரண்டு தடவை குடித்தார். சிப்பி இரண்டு தடவை எண்ணினார்கள். பானை ஒரு தடவை கழுவினார்கள். வெயிலில் காய வைத்தார்கள். எதையும் விடவில்லை. கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டிருக்கிறேன்.

"தலைவர் தாத்தா ரொம்ப மெதுவு. அவருக்கு இந்த வேலை சரிப்படாது."