அடுப்பு மேடையை இடிக்கச் சொன்னேன்

1. ஆய்வு

சத்துணவுக் கூடத்தில் நான் பார்ப்பவை நான்கு: காற்று வழி, புகைபோக்கி, தரையின் சரிவு, அடுப்பு. எண்பதுகளில் சிவில் டிப்ளமோ முடித்து ஓவர்சீயராகச் சேர்ந்த புதிதில், சூளகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் முதல் மூன்றும் சரியாக இருந்தன. அடுப்பு மேடை என் இடுப்பைத் தாண்டி நின்றது.

அதுவரை மரத்தடியில் கல் கூட்டிச் சமைத்த கங்கம்மா மேடையை ஆசையாகத் தடவினார். "எங்க வீட்லகூட இப்படி இல்ல மேடம்."

அவர் என் தோள் உயரம்தான். மேடைமேல் அண்டா ஏறினால் விளிம்பு அவர் முகத்துக்கு நேராக வரும். கொதிக்கும் சோற்றை எப்படி இறக்கி வடிப்பார்?

"இடிச்சிடுங்க" என்றேன்.

கான்ட்ராக்டர் தலையில் கை வைத்தார். "டிராயிங்ல இருக்கறபடிதானே கட்டினேன்! திறப்பு விழாவுக்குப் பந்தலே போட்டாச்சு மேடம்."

2. சோதனை

ஜீப்பில் வந்து இறங்கிய உதவிப் பொறியாளருக்குக் கோபம். "ஏம்மா, ஸ்டாண்டர்ட் டிராயிங்க உன் இஷ்டத்துக்கு மாத்துவியா?"

நான் வாதாடவில்லை. மேடைமேல் அண்டாவை வைத்துத் தண்ணீர் நிரப்பச் சொன்னேன். "சார், கங்கம்மாகூட ஒரு பக்கம் பிடிச்சு இறக்கிக் காட்டுங்க."

"இதென்ன பெரிய வேலை?" என்று சட்டைக் கையை மடித்தார்.

"ஒத்து சார், ஒத்து!" என்று கங்கம்மா தெலுங்கில் தடுப்பதற்குள் அண்டா சாய்ந்தது. சார் கழுத்திலிருந்து செருப்புவரை நனைந்தார். கான்ட்ராக்டர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கினார்.

சார் சட்டையைப் பிழிந்தபடி கங்கம்மாவைப் பார்த்தார். "இது கொதிக்கற கஞ்சியா இருந்திருந்தா..." பிறகு கான்ட்ராக்டரிடம், "இடிய்யா. விழாவத் தள்ளி வெக்கச் சொல்லி நான் பேசிக்கறேன்."

3. முதல் சோறு

மேடையைக் கங்கம்மாவின் முழங்கால் உயரத்துக்கு இறக்கினோம். அடுப்போடு ஒரே மட்டத்தில், அண்டாவைச் சாய்த்துச் சோறு வடிக்க ஒரு வடிகல்லும், கஞ்சி ஓட ஒரு கால்வாயும் அமைத்தோம். அண்டாவைத் தூக்க வேண்டாம். நகர்த்திச் சாய்த்தால் போதும்.

திறப்பு விழாவன்று கங்கம்மா துணியால் விளிம்பைப் பிடித்து நகர்த்தினார். கஞ்சி கால்வாயில் ஓடியது. அவர் கால்மேல் ஒரு சொட்டு இல்லை. "கூப்பிடுங்க மேடம் பசங்கள!" என்றார். தட்டோடு ஓடிவந்த பிள்ளைகளைப் பார்த்து நின்றபோது, டிப்ளமோ வாங்கிய நாளில்கூட எனக்கு அவ்வளவு பெருமை இருந்ததில்லை.

வரைபடத்தில் உயரம் இருக்கும். அங்கே நின்று சமைக்கப்போகிறவர் இருக்கமாட்டார். நான் கற்றது அதுதான். அடுத்த ஊரில் அடுப்புக்கு மட்டம் குறிக்க டேப்பை எடுத்தேன். அதே கான்ட்ராக்டர் என் கையைத் தடுத்தார்.

"இருங்க மேடம். சமையக்காரம்மா வரட்டும்."