கன்னையாவுக்குச் சொல்லாமல் வந்த பதில்

ஜனவரியில் ஐந்து நாள் யாங்கோன் போயிருந்தேன். பகோடா பார்க்க அல்ல. ஒருவன் வாயால் ‘நான் செய்தது தப்பு’ என்று கேட்க. பதினாறு ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டில் ஓர் இறையியல் கல்லூரியில் பாடம் நடத்தினேன். மருந்தும் கடவுளின் அருள்தான் என்று ஒரு கட்டுரை எழுதினேன். உடன் பணியாற்றிய பர்மாத் தமிழன் ஜேக்கப், நிர்வாகக் கூட்டத்தில் எழுந்து எனக்கு விசுவாசமே இல்லை என்றான். வேலை போனது. இப்போது டுடோரியலில் இயற்பியல் நடத்துகிறேன். அவன் யாங்கோனில் பபேடான் என்ற பகுதியில் போதகர். ‘நேரில் வாங்க அண்ணே’ என்று எழுதியிருந்தான்.

சென்னையிலிருந்து நேர் விமானத்தில் இரண்டரை மணி நேரம். பபேடானில் அறை இரவுக்கு அறுபதாயிரம் கியாட். மேல்மாடி அறை கேட்காதீர்கள். மின்சாரம் போனால் லிஃப்ட் நிற்கும்.

மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு அவன் சபைக்குப் போனேன். பெஞ்சில் கன்னையா என்ற சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் இருந்தார். முப்பது வயதிருக்கும். காசநோய். சென்ற ஆண்டு ஜேக்கப் அவர் நெஞ்சில் கைவைத்து ‘சுகமாயிற்று’ என்று அறிவித்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டாராம். இப்போது சளியில் ரத்தம்.

“நீங்க சொல்லுங்க அண்ணே. நான் சொன்னா, ‘அன்னைக்குச் சொன்னது நெசமா, இன்னைக்குச் சொல்றது நெசமா சயா’ன்னு கேக்குறான்,” என்றான் ஜேக்கப். போதகரை அங்கே சயா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

கன்னையா சிரித்தார். “பெரிய சயா, எங்க சயா ஜெபம் ஆறு மாசந்தான் தாங்குது. நீங்க ஒண்ணு போட்டு விடுங்க!” இருமி முடித்துவிட்டுக் கேட்டார்: “மாத்திரைய மறுபடி தின்னா, ஆண்டவர்கிட்ட ‘உன் வேலை பத்தல’ன்னு சொன்ன மாதிரி ஆயிடாதா?”

என் கட்டுரை முழுக்க இதற்கான பதில்தான். ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். நான் ஜேக்கப்பைப் பார்த்துச் சொன்னேன்: “விசுவாசம் இல்லாதவன்கிட்ட ஏன் கேக்குற? நிறுத்தச் சொன்னது நீ. நீயே சொல்லிக்கோ.”

“அவன் இருமுறான் அண்ணே.”

“எனக்கு ஒன்பதரைக்கு டாக்ஸி.”

கியாக்தான் என்ற ஆற்றங்கரை ஊர் யாங்கோனிலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். சோதனைச் சாவடியும் சேர்ந்து ஒன்றே முக்கால் மணி நேரம். போக வர எண்பதாயிரம் கியாட். ஆற்று நடுவே உள்ள பகோடாவுக்கு வெளிநாட்டவருக்கென்று தனிப் படகு, ஐயாயிரம். படகுக்காரர் எஞ்சினில் எண்ணெய் அளவு பார்த்தார், டீசல் ஊற்றினார், பிறகு முகப்பில் ஒரு பூச்சரத்தைக் கட்டிக் கும்பிட்டுவிட்டுக் கிளப்பினார். எது படகை ஓட்டியது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. நான் மேடைகளில் மணிக்கணக்காக முழங்கியதை அந்த மனிதர் இரண்டு நிமிடத்தில் செய்து முடித்துவிட்டார். அக்கரையில் கால் மணி நேரம்கூட நிற்க முடியவில்லை.

“அதுக்குள்ளயா? மீனுக்குப் பொரி போடலையா சயா?” என்றார் தமிழ் டிரைவர். “சீக்கிரம் விடுங்க,” என்றேன்.

இரண்டு மணிக்குச் சபைக்கு வந்தேன். கன்னையா பன்னிரண்டரை பஸ்ஸில் டெல்டா பக்கம் அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டிருந்தார். ஊர்ப் பெயர் ஜேக்கப்புக்குச் சரியாகத் தெரியவில்லை. கன்னையாவிடம் போன் கிடையாது.

“அன்னைக்கு நான் பேசினது தப்பு அண்ணே,” என்றான் ஜேக்கப். கேட்க வந்தது இதைத்தான். அந்த ஊர்ப் பெயரை இன்னொரு தடவை யோசித்துப் பார்க்கச் சொன்னேன்.

போகிறவர்களுக்கு: நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள், மழை இருக்காது. கியாக்தானுக்கு அரை நாள் போதும். புறப்படும்போது யாராவது உங்களிடம் ஏதாவது கேட்டால் டாக்ஸியைக் காக்க வையுங்கள்.

வீட்டில் யாராவது ஜெபத்தை நம்பி மருந்தை நிறுத்தியிருந்தால் இதைச் சொல்லுங்கள்: மாத்திரையும் ஆண்டவர் கையிலிருந்து வருவதுதான், வாங்கிக்கொள்ள மறுப்பது விசுவாசம் ஆகாது.

இதை இங்கே எழுதி என்ன பயன்? கன்னையாவுக்குத் தமிழ் பேச மட்டுமே வரும். வாசிக்கத் தெரியாது.