கொக்கி எங்கே பிடித்திருக்கிறது

ஜெயமணி ஒரு காலத்தில் தாண்டவராயனுக்குப் பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய் கடன்பட்டிருந்தாள். கை நீட்டி வாங்கிய கடன் அல்ல. அவளுடைய கான்கிரீட் கலவை மிஷினை அவருடைய டிராக்டர் ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போன வாடகை. மழை பிடித்து வேலை நின்ற ஒரு வருஷத்தில் ஏறி ஏறி அந்தத் தொகையில் வந்து நின்றது. சீட்டு கிடையாது, கையெழுத்து கிடையாது. பதினாலு மாசம், சனிக்கிழமை தோறும், ஆட்களுக்குக் கூலி கொடுத்த கையோடு காவாந்தண்டலத்தில் அவர் வீட்டு வாசலுக்குப் போய் இருப்பதைக் கொடுத்துவிட்டு வந்தாள். கடைசி வாரம் அவர், "அந்த நானூற வுட்டுடும்மா" என்றார்.

"ஏண்ணா, அந்த நானூறுக்கு உன் டிராக்டரு தண்ணி குடிச்சா ஓடிச்சி?" என்று கேட்டு, அதையும் அவர் கையில் வைத்துவிட்டுத்தான் திரும்பினாள்.

இதை முதலில் சொல்லாமல் ஜெயமணியைப் பற்றி வேறு எதைச் சொன்னாலும் அவளுக்குப் பிடிக்காது.

மூணாங்கிளாஸோடு பள்ளிக்கூடம் முடிந்தது. பதினாலு வயசில் சித்தாளாக ஜல்லி சுமக்கப் போனவள். இன்றைக்கு ஐம்பத்தெட்டு வயசில் இரண்டு கலவை மிஷின், கலவையை மாடிக்கு ஏற்றுகிற ஒரு லிஃப்ட், பதினாறு ஆள். பெருநகர் என்கிற அவள் ஊரிலிருந்து திருமுக்கூடல் வரைக்கும் அவள் தளம் போட்ட வீட்டில் ஒன்றாவது ஒழுகுகிறது என்று எவனாவது சொல்லட்டும், அன்றைக்கே மிஷினைக் காயலான் கடையில் போடுகிறேன் என்பாள். இஞ்சினியர் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் கம்பி கட்டியதை அளந்து பார்ப்பார்கள். அவள் நடந்து பார்த்தே எங்கே தொய்வு என்று காலால் தட்டிக் காட்டுவாள். இதெல்லாம் அவளே சொல்லிக்கொள்வதுதான். ஆனால் பொய் இல்லை.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. பாரம் முதலில், பணம் அப்புறம். முதல் மிஷின் வாங்கும்போது, விற்க வந்தவனை மூணு மணி நேரம் ஜல்லி போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். லிஃப்ட் வாங்கும்போது தானே அதில் ஏறி நின்று மாடிக்குப் போனாள். இந்த வழக்கத்தை வாழ்க்கையில் ஒரே ஒரு தரம் மீறினாள். அந்த ஒரு தரம்தான் இது.

தாண்டவராயனுக்கு வயசாகிவிட்டது. ஏர் ஓட்டுகிற பருவம் வந்தால் அவர் டிராக்டர் சேற்றை விட்டு வெளியே வராது. திருமுக்கூடலில் ஒரு தளம். ஆறு மணிக்கெல்லாம் பதினாறு பேரும் நாஷ்டா முடித்து நின்றார்கள். மிஷின் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. சும்மா நின்றதற்கும் கூலி அவள்தான் கொடுத்தாள். அன்றைக்கு முடிவு பண்ணினாள், சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி எடுப்பது என்று. பின்னால் முப்பது மூட்டை சிமெண்ட் ஏற்ற வேண்டும். அதோடு ஒன்றரை டன் மிஷினைக் கொக்கியில் மாட்டி, வரப்பு மேட்டிலும் ஆற்று மணலிலும் இழுக்க வேண்டும். ரோட்டில் ஓட ஆயிரம் வண்டி இருக்கிறது. அவளுடைய வேலை ரோடு முடிகிற இடத்தில்தான் ஆரம்பம்.

ஆடி மாசம். ஆடியில் யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள். அதனால் கடைக்காரர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: ஆடியில் அட்வான்ஸ் கொடுத்தால் தள்ளுபடி, வண்டி ஆவணியில். மகன் கதிர்வேல் போனில் ஒரு சிவப்பு வண்டியைக் காட்டிக் காட்டி, கடைசியில் அவளைக் காஞ்சிபுரத்து ஷோரூமுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

கண்ணாடிக்குள்ளே சிவப்பு வண்டி மின்னிக்கொண்டிருந்தது. ஸ்ரீனி என்று ஒரு விற்பனைப் பையன். நெற்றியில் திருமண், கழுத்தில் டை, வாயில் தேன். ஒரு புத்தகத்தை விரித்தான். அதில் அந்த வண்டி ஒரு மலை உச்சியில் நின்றது.

"தம்பி, உத்திரமேரூர்ல எந்த மலைக்கி நான் ஜல்லி அடிக்கப் போறன்? சேத்துல நிக்கற படம் கீதா?"

பையன் சிரித்தான். "சேத்துல என்னம்மா, எதுல வேணா போகும்."

"மிஷின மாட்டனா இஸ்துகினு போவுமா?"

"ஒண்ணரை டன் தானே? தூசும்மா அது. கொக்கி கம்பெனி ஃபிட்டிங்."

"கொக்கி எதுல புட்சிகினு கீது?"

கேட்டுக்கொண்டே ஜெயமணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள், வண்டிக்கு அடியில் தலையை விட. பளிங்குத் தரை. சுற்றி நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கதிர்வேல் பல்லைக் கடித்துக்கொண்டு, "எம்மா, எய்ந்திரு. எல்லாரும் பாக்கறாங்க" என்றான்.

அவள் எழுந்துவிட்டாள். ஐம்பத்தெட்டு வயசில் முதல் தடவையாக யாரோ பார்க்கிறார்கள் என்று எழுந்தாள். ஐம்பதாயிரத்தை, எல்லாம் ஐந்நூறு ரூபாய் நோட்டு, எண்ணி மேசை மேல் வைத்தாள். ரசீது கொடுத்தார்கள். அந்த ரசீதுக்குப் பின்பக்கம் எறும்பு எறும்பாக எழுத்து இருந்தது. அதை யார் படித்தார்கள்.

இருந்தாலும் லோன் பேப்பரில் கையெழுத்து வைக்கிறதுக்கு முன்னால் ஒரு தரம் இழுத்துக் காட்ட வேண்டும் என்று கறாராகச் சொல்லியிருந்தாள். ஆவணி ஒண்ணாந் தேதி காலையில் ஸ்ரீனியே ஷோரூம் வண்டியை ஓட்டிக்கொண்டு பெருநகருக்கு வந்தான். செய்யாற்றங்கரையில் மிஷின் மணலில் நின்றது. தாண்டவராயன், வேலை இல்லாத நாள் என்பதால், வேடிக்கை பார்க்க வந்து கரையில் குந்தியிருந்தார்.

"மாட்டு தம்பி" என்றாள்.

மாட்டினார்கள். ஸ்ரீனி கியர் போட்டான். வண்டி ஒரு உறுமு உறுமியது. மிஷின் அசையவில்லை. இன்னும் மிதித்தான். டமால் என்று ஒரு சத்தம். சிவப்பு வண்டி முன்னால் பாய்ந்து போய் நாணலில் நின்றது. மிஷின் நின்ற இடத்திலேயே நின்றது. அதன் கொக்கியில், சிவப்புப் பெயிண்டோடு, நம்பர் பலகையோடு, முழுசாகப் பின் பம்பர் தொங்கிக்கொண்டிருந்தது.

 கரையிலிருந்து தாண்டவராயன் ஆரம்பித்தார்.

"இன்னா ஜெயமணி, தவணை முறையில தராங்களா? இன்னிக்கி பம்பரு, அடுத்த மாசம் கதவா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பம்பரைத் திருப்பிப் பார்த்தாள். கொக்கியை வெறும் தகட்டில் வெல்டு வைத்து மேலே பெயிண்ட் அடித்திருந்தார்கள். இழுக்கிற கொக்கி வண்டியின் முதுகெலும்பில், சேஸிஸில், போல்ட் போட்டு நிற்க வேண்டும். பத்து வயசுப் பிள்ளைக்குத் தெரியும். இது அழகுக்கு மாட்டினது. மூக்குத்தி மாதிரி.

"கம்பெனி ஃபிட்டிங்னு சொன்னியே தம்பி?"

ஸ்ரீனியின் முகம் வெளுத்துவிட்டது. "எனக்கு அப்படித்தாம்மா சொன்னாங்க. அந்தப் பம்பரை அவுத்துக் குடுத்துடுங்கம்மா, என் மேல வந்துடும்."

"என் அம்பதாயிரம் வரட்டும். நானே தொடச்சிக் குடுக்கறன்."

அவள் சும்மா உட்காரவில்லை. மறுநாளே செய்யாறு டவுனில் சின்னராசு என்பவரிடம் ஒரு வண்டி இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனாள். கல் குவாரியில் ஓடின பழைய பிக்கப். நாலு சக்கரமும் இழுக்கும். பெயிண்ட் போயிருந்தது, பாட்டுப் பெட்டி இல்லை. இந்தத் தடவை யாரைப் பற்றியும் கவலைப்படாமல் மண்ணில் மல்லாந்து படுத்து அடியில் நுழைந்தாள். கொக்கி, இரண்டு பக்கமும் தடித்த இரும்பு வைத்து, சேஸிஸோடு எட்டு போல்ட்டில் நின்றது. முப்பது மூட்டை ஏற்றச் சொன்னாள். மிஷினை மாட்டி, அதே செய்யாற்று மணலில், பம்பர் கழன்ற அதே இடத்தில் இழுக்கச் சொன்னாள். இழுத்தது. மேடேறியது. திரும்பி வந்தது.

சின்னராசு சொன்னார்: "வந்தவாசிக்காரர் ஒருத்தர் கேட்டுகினே கீறாரும்மா. வெள்ளிக்கெயம சாயந்திரம் வரைக்கும் உனக்காவ வெச்சிருக்கறன். அம்பதாயிரம் கையில குடு, மிச்சம் தவணை. அதுக்கு மேல என்னால ஆவாது."

அவளிடம் இருந்தது அந்த ஐம்பதாயிரம்தான். அதுவோ ஷோரூம் மேசைக்குள் இருந்தது.

திங்கள் போனாள், மேனேஜர் மீட்டிங்கில் இருந்தார். செவ்வாய் போனாள், உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார்கள். புதன் போனாள், மேனேஜர் வந்தார். வழுக்கையும் வாசனையுமாக இருந்தார். ரசீதைத் திருப்பி எறும்பு எழுத்தைக் காட்டினார்.

"மேடம், புக்கிங் நீங்க கேன்சல் பண்றீங்க. சார்ஜ் மூவாயிரத்து ஐந்நூறு போவும். மீதி உங்க அக்கவுண்ட்டுக்கு நாப்பத்தஞ்சு நாள்ல வந்துடும். ஹெட் ஆபீஸ் ப்ராசஸ்."

"வாங்கறப்ப நாப்பத்தஞ்சு நாளா எடுத்துகினீங்க? அஞ்சி நிமிஷத்துல எண்ணி உள்ள போட்டீங்களே சார்?"

"பாலிசி மேடம்."

"பம்பரு கயண்டதுக்கு நான் சார்ஜா?"

"அது ஓவர்லோட். அந்த டேமேஜையே இன்னும் உங்க பேர்ல எழுதல நாங்க."

ஜெயமணி பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் கொதித்துக்கொண்டே வந்தாள். ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் பதினெட்டாயிரத்து நானூறைப் பைசா குறையாமல் கையில் வைத்தவள் அவள். இவர்களிடம் எத்தனை காகிதம்! ரசீது, புத்தகம், கம்ப்யூட்டர், சுவர் முழுக்கக் கேடயம். சொன்ன சொல் மட்டும் இல்லை. படித்தவர்கள் ஏமாற்றினால் அதற்குப் பாலிசி என்று பெயர். அவள் ஏமாற்றினால் தளம் இடிந்து பிணம் விழும். அதனால் அவளுக்கு அந்தப் படிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை முகூர்த்த நாள். ஆடியில் அட்வான்ஸ் கொடுத்தவர்களெல்லாம் வண்டி எடுக்க வருகிற நாள். வியாழன் சாயந்திரம் தாண்டவராயன் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணா, நாளைக்கி உன் டிராக்டரு வேணும். மிஷின காஞ்சிபுரத்துக்கு இஸ்துகினு போவணும்."

"அங்க இன்னா தளம்?"

"தளம் இல்ல. பம்பர காட்டப் போறன்."

கிழவர் கண்ணில் வெளிச்சம் வந்தது. "வாடகை வேணாம்மா. டீசலு கூட நான் போட்டுக்கறன்."

"வாடகை உண்டு" என்றாள். "உன்கிட்ட ஓசியில வாங்கனா அப்புறம் அவன இன்னான்னு கேக்கறது?"

ஒன்பது மணிக்கு ஷோரூம் வாசலில் ஆறு புது வண்டி, மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நின்றன. பட்டுப் புடவையும் பட்டு வேட்டியுமாகக் குடும்பங்கள். ஐயர் கற்பூரம் ஏற்றப் போகிற நேரத்தில், டிராக்டர் தடதடவென்று வந்து சாலை ஓரமாக நின்றது. பின்னால் சிமெண்ட் பூத்த மிஷின். மிஷின் மேலே கயிற்றால் கட்டின சிவப்புப் பம்பர், கடையின் பேர் எழுதின நம்பர் பலகையோடு.

ஜெயமணி கத்தவில்லை. கத்தினால் பைத்தியக்காரி என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். கையைக் கட்டிக்கொண்டு பம்பர் பக்கத்தில் நின்றாள். காவலாளி விரட்ட வந்தான். "ரோடு உங்க கம்பெனி ஃபிட்டிங்கா?" என்றார் தாண்டவராயன். அவன் போய்விட்டான்.

பட்டு வேட்டி கட்டிய ஒருவர் வந்து கேட்டார். "இன்னாம்மா இது?"

"நீங்க எடுக்கற அதே வண்டியோடதுங்க. கொக்கிய மாட்டி இஸ்தன், பம்பரு மட்டும் என்கூட வந்துடுச்சி. உங்களுது எதுல புட்சிகினு கீதுன்னு பாத்துக்குங்க. அவ்வளவுதான்."

அவர் தயங்கினார். புது வேட்டி. எல்லாரும் பார்க்கிறார்கள். அப்போது, அம்மாவோடு டிராக்டரில் வந்திருந்த கதிர்வேல், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு, அந்த ஆறு வண்டியில் முதலாவதுக்குப் பக்கத்தில் தரையில் மல்லாந்து படுத்து அடியில் நுழைந்தான். உள்ளேயிருந்து அவன் குரல் வந்தது:

"எம்மா, இதுவும் தகட்டுலதான் கீது!"

அவ்வளவுதான். பட்டு வேட்டிக்காரர் குனிந்தார். அவர் மச்சான் குனிந்தார். அடுத்த வண்டிக்காரர் முட்டி போட்டார். ஐயரே கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். மேனேஜர் ஓடி வந்தார்.

"கம்பெனி ஃபிட்டிங் சார், யாரும் பயப்படாதீங்க, கம்பெனி ஃபிட்டிங்."

பின்னாலிருந்து ஸ்ரீனி மெதுவாகச் சொன்னான். "இல்ல சார். நம்மதான் வெளியில குடுத்து வெல்டு வெச்சோம். எனக்கு நேத்துதான் தெரியும்."

மேனேஜர் அவனைப் பார்த்த பார்வையில் அவன் வேலை போனது. அவன் டையைத் தளர்த்திவிட்டுக்கொண்டான். பட்டு வேட்டிக்காரர், "என் அட்வான்ஸையும் எடுத்து வைய்யா" என்றார்.

"மேடம், உள்ள வாங்க, பேசலாம்."

"நான் இங்கியே நிக்கறன். சாயந்திரத்துக்குள்ள இன்னொரு இடத்துல குடுக்கணும். கொண்டாங்க."

மேனேஜர் உள்ளே போய் ஒரு நோட்டுக் கட்டோடு வந்தார். ஜெயமணி வலது கையை நீட்டி விரித்தாள். நாற்பத்து நாலு வருஷம் சிமெண்ட் தின்ற கை. ரேகை தேய்ந்து, விரல் நுனியெல்லாம் வெடித்துப் போன கை. கட்டை அப்படியே வைக்கப் பார்த்தார்.

"எண்ணிக் குடுங்க. நான் எண்ணித்தான் குடுத்தன்."

அவர் எண்ண ஆரம்பித்தார். ஆறு குடும்பமும் பார்த்துக்கொண்டு நின்றது. தொண்ணூத்தி மூணாவது நோட்டில் நிறுத்தினார்.

"கேன்சலேஷன் போக..."

கை மூடவில்லை.  தாண்டவராயன் டிராக்டர் மேலிருந்து தொண்டையைச் செருமினார். கதிர்வேல், முதுகெல்லாம் மண்ணோடு, அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான்.

மேனேஜர் தன் சட்டைப் பையில் கை விட்டார். தொண்ணூத்தி நாலு, தொண்ணூத்தி அஞ்சு என்று ஒவ்வொன்றாக வந்தது. நூறாவது நோட்டு அவள் உள்ளங்கையில் விழுந்தது.